47868-ஐ 256ஆல் வகுத்தால்: ஒரு பிஜிபி கோளாறின் நிகழ்வு ஆய்வு

2009 பிப்ரவரி 16. உலகின் பல இடங்களில் பிஜிபி செஷன்கள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் தொடர்புகள்) காரணம் தெரியாமல் விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் இந்தக் கூத்து நீடித்தது. கேபிள் எதுவும் அறுபடவில்லை. யாரும் யாரையும் தாக்கவில்லை. செக் நாட்டில் உள்ள ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம் (அதன் ஏஎஸ் எண், அதாவது இணையத்தில் அந்த நெட்வொர்க்கின் அடையாள எண், 47868) தன் முகவரித் தொகுதி ஒன்றைப் பேக்அப் லிங்க் வழியாக அறிவித்திருந்தது, அவ்வளவுதான். அந்த அறிவிப்போடு போன ஏஎஸ் பாதையில் (வழியில் உள்ள நெட்வொர்க்குகளின் எண்வரிசையில்) 47868 என்ற எண் 252 முறை வரிசையாக நின்றது.

ரவுட்டர் மென்பொருளில் தெரிந்த பக் (கோளாறு), அதற்குத் தெரிந்த மாற்றுவழி என்ற பேச்சு வந்தாலே எனக்கு இந்த நிகழ்வுதான் முதலில் நினைவுக்கு வரும். சம்பந்தப்பட்ட கோளாறுகளில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. அவற்றில் ஒன்று ஏற்கெனவே வெளியீட்டுக் குறிப்புகளில் இருந்தது. அதற்கு ஒரே வரியில் மாற்றுவழியும் இருந்தது. அதைப் போதிய அளவு குறைந்த எண்ணோடு போட்டு வைத்திருந்த ரவுட்டர்களிலிருந்து அன்றைக்குக் கோளாறு கிளம்பவில்லை.

252 எங்கிருந்து வந்தது

இரண்டு ப்ரொவைடர்களிடம் இணைப்பு வைத்திருப்பவர்கள், ஒன்றைப் பிரதானமாகவும் இன்னொன்றைப் பேக்அப்பாகவும் வைக்க நினைத்தால் செய்யும் எளிய வேலை ப்ரீபெண்ட். பேக்அப் பக்கம் அறிவிக்கும்போது தன் ஏஎஸ் எண்ணையே பாதையில் இரண்டு மூன்று முறை கூடுதலாகச் சேர்த்து விடுவார்கள். பாதை நீளமாகத் தெரியும். வெளியே உள்ளவர்கள் குட்டையான பாதையைத் தேர்ந்தெடுப்பார்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை, தினமும் நடப்பது.

சிக்கல் கட்டளையின் வடிவத்தில் இருந்தது. சிஸ்கோ ரவுட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ்ஸில் ப்ரீபெண்ட் செய்யும்போது எண்ணையே எழுத வேண்டும்: மூன்று முறை வேண்டுமென்றால் 47868 47868 47868 என்று மூன்று தடவை. மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்ஓஎஸ்ஸில் அப்படியில்லை. அங்கே எத்தனை முறை என்ற எண்ணிக்கையைத் தர வேண்டும்; 3 என்று போட்டால் போதும். சிஸ்கோவில் பழகிய கை மைக்ரோடிக் பெட்டியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கை கேட்ட இடத்தில் 47868 என்று ஏஎஸ் எண் போய் உட்கார்ந்தது.

அந்த மென்பொருள் அதை மறுக்கவில்லை. 47868 முறை ப்ரீபெண்ட் செய்ய யாருக்கும் தேவை இருக்காது, ஆனாலும் வாங்கிக்கொண்டது. வாங்கிய எண்ணை ஒரே ஒரு பைட்டில் அடைத்தது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் போகும். மிச்சம் சுருண்டு விடும். 256ஐ 186ஆல் பெருக்கினால் 47616. 47868-இலிருந்து அதைக் கழித்தால் 252.

இங்கே சற்று நிற்கலாம். அந்த நிறுவனத்தின் ஏஎஸ் எண் நான்கு கூடுதலாக, 47872 ஆக இருந்திருந்தால் மீதி 0. ப்ரீபெண்ட் நடந்திருக்காது, பேக்அப் லிங்க்கில் ஏன் டிராஃபிக் வருகிறது என்று அந்த அட்மின் மண்டையைச் சொறிந்திருப்பார், உலகத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மீதி 40 என்று வந்திருந்தால் நீளமான பாதை என்று யாராவது புருவம் உயர்த்தியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். 252 என்பது மிக மோசமான மீதி. 255 என்ற எல்லையைத் தொடாமல், அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

அட்மின் மேல் பழியைப் போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறான உள்ளீட்டை மறுக்காமல், சத்தமில்லாமல் வேறொரு எண்ணாக மாற்றி வைத்துக்கொண்டதுதான் முதல் பக். பிந்தைய ரவுட்டர்ஓஎஸ் பதிப்புகளில் இந்த எண்ணிக்கைக்கு 16 என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் வாங்காது.

255 என்ற சுவர்

பாதையை அறிவிக்கும் பிஜிபி அப்டேட் செய்தியில் ஏஎஸ் பாதை செக்மென்ட்களாக (துண்டுகளாக)ப் போகிறது. ஒவ்வொரு செக்மென்ட்டின் தலையிலும் இரண்டு பைட்: முதலாவது எந்த வகை என்று சொல்கிறது, இரண்டாவது இதற்குள் எத்தனை ஏஎஸ் எண்கள் என்று சொல்கிறது. அந்த இரண்டாவது ஒற்றை பைட்டால்தான் ஒரு செக்மென்ட்டில் 255 எண்களுக்கு மேல் இருக்க முடியாது. பாதையே அதற்கு மேல் நீளக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. சேர்க்கும்போது 255ஐத் தாண்டினால், முன்னால் புதிதாக இன்னொரு செக்மென்ட்டைத் தொடங்கி அதில் தன் எண்ணைப் போட வேண்டும் என்று 2006-இல் வெளியான பிஜிபியின் விதி ஆவணம் ஆர்எஃப்சி 4271 தெளிவாகவே சொல்கிறது.

நடைமுறையில் இணையப் பாதைகள் நான்கைந்து ஏஎஸ் நீளம்தான் இருக்கும். 255ஐத் தாண்டும் நிலைமை வராது என்பதால் அந்தக் கோட் ஓடியதே இல்லை. ஓடாத கோடை யாரும் சோதித்திருக்கவும் இல்லை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸின் பல பதிப்புகளில், ப்ரீபெண்ட் காரணமாக வெளியே அனுப்ப வேண்டிய பாதை 255-க்கு மேல் போனால், இரண்டு செக்மென்ட்டாகப் பிரிப்பதற்குப் பதிலாக வடிவம் குலைந்த ஒரு அப்டேட் கிளம்பியது. இந்தப் பக் பிறகு சிஎஸ்சிஎஸ்எக்ஸ்73770 என்ற எண்ணில் பதிவானது.

இப்போது வரைபடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். 252 முறை எழுதிய பாதை கிளம்புகிறது. முதல் ப்ரொவைடர் தன் எண்ணைச் சேர்க்கிறார், அடுத்தவர் சேர்க்கிறார், அதற்கடுத்தவரும் சேர்க்கிறார். இதுவரை எல்லாம் ஒழுங்கான அப்டேட். எந்த ரவுட்டரும் முணுமுணுக்கவில்லை. செக் நாட்டின் பக்கத்திலேயே வெடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மூலத்தைப் பிடித்திருக்கலாம். நான்கைந்து ஏஎஸ் தள்ளிப் போய், உலகம் முழுக்கப் பரவிய பிறகு, எங்கெல்லாம் கூடுதல் ப்ரீபெண்ட் செய்யும் பழைய ஐஓஎஸ் ரவுட்டர் நின்றதோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் சுவரில் முட்டியது.

குலைந்த அப்டேட்டை வாங்கிய ரவுட்டர் என்ன செய்யும்? அன்றைய விதிப்படி ஒன்றே ஒன்றுதான்: நோட்டிஃபிகேஷன் என்ற பிழைச் செய்தியை அனுப்பிவிட்டு செஷனை மூட வேண்டும். மூடினால் அந்தப் பக்கத்திலிருந்து கற்ற பாதைகள் எல்லாம் போயின. அப்போது முழு இணைய ரூட் டேபிள் (பாதைப் பட்டியல்) 2,80,000 வரிகளுக்கு மேல். சற்று நேரத்தில் செஷன் மறுபடி எழும், முழு டேபிளும் மறுபடி பரிமாறப்படும், அந்த ஒரு வரியின் முறை வந்ததும் மறுபடி விழும். ஒரே ஒரு முகவரித் தொகுதியின் பாதை சரியில்லை என்பதற்காக மீதி லட்சக்கணக்கான நல்ல பாதைகளும் சேர்ந்து செத்துச் செத்துப் பிழைத்தன. என்னைக் கேட்டால் அன்றைய நிஜமான கோளாறு இதுதான். மைக்ரோடிக்கின் சுருண்ட பைட்டும் சிஸ்கோவின் குலைந்த அப்டேட்டும் வெறும் பொறி. தீ பரவக் காரணம் விதிப்புத்தகத்திலேயே இருந்தது.

லாகில் யார் குற்றவாளி

இத்தகைய நிகழ்வில் முதல் அரை மணி நேரம் தவறான ஆளைத் திட்டுவதிலேயே போய்விடும். செஷனை மூடியவர் பக்கத்து நெட்வொர்க். ஆகவே அவர் பெட்டியில்தான் கோளாறு என்று தோன்றும். லாகை (ரவுட்டரின் நிகழ்வுப் பதிவை) ஒழுங்காகப் படித்தால் இந்த அரை மணியைச் சேமிக்கலாம்.

ஐஓஎஸ் லாகில் பிஜிபி நோட்டிஃபிகேஷன் வரியில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நோட்டிஃபிகேஷன் அனுப்பப்பட்டதா, பெறப்பட்டதா. பெறப்பட்டது என்று இருந்தால், எதிர்ப் பக்கம் நம் அப்டேட்டைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறது. குலைந்த செய்தி நம்மிடமிருந்து போயிருக்கிறது. அனுப்பப்பட்டது என்றால் நாம்தான் மறுத்தோம், தப்பு அந்தப் பக்கம். இரண்டாவது, அதோடு வரும் எண் ஜோடி. 3 என்பது அப்டேட் செய்தியில் பிழை என்று அர்த்தம். 3/11 என்றால் ஏஎஸ் பாதை குலைந்திருக்கிறது. 3/1 என்றால் ஆட்ரிப்யூட் (பாதையோடு வரும் விவரங்கள்) பட்டியலே சரியில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து குறித்த நேரத்துக்குள் செய்தி வராமல், அதாவது ஹோல்ட் டைமர் முடிந்து, விழுந்த செஷன் 4/0 என்று காட்டும், அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

ஒரே பக்கத்து ரவுட்டரோடு செஷன் எழுந்து, டேபிள் பாதி வந்து, 3/11 என்று விழுந்து, மறுபடி அதே சுற்று என்றால் லிங்க்கைச் சோதிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எங்கோ ஒரு பாதை முள்ளாக நிற்கிறது. பிஜிபி டேபிளில் வழக்கத்துக்கு மாறாக நீளமான பாதை எது என்று தேடினால் அகப்பட்டுவிடும். ஒரே எண் திரை முழுக்க ஓடும் வரியைக் கண்ணுக்குத் தப்பவிட முடியாது.

ஒற்றை வரி மாற்றுவழி

ஐஓஎஸ்ஸில் பிஜிபி மேக்ஸ்ஏஎஸ்-லிமிட் என்ற கட்டளை இருக்கிறது. ஓர் எண்ணைக் கொடுத்தால், அதைவிட நீளமான ஏஎஸ் பாதையோடு வரும் அறிவிப்பை ரவுட்டர் வாசலிலேயே தள்ளிவிட்டு லாகில் ஒரு வரி எழுதிவிடும். செஷன் தொடர்ந்து நிற்கும். மற்ற பாதைகளுக்கு ஒன்றும் ஆகாது. 2009-க்கு முன்பே, 255 அல்லது அதற்கு மேல் நீளமான பாதையைப் பெற்றால் செஷன் ரீசெட் ஆகலாம் என்ற வேறொரு பக்குக்கு (சிஎஸ்சிஇஎச்13489) இதே கட்டளையைத்தான் சிஸ்கோ மாற்றுவழியாகக் குறித்திருந்தது: 255-க்குக் கீழே ஒரு எண்ணை வையுங்கள் என்று.

அந்தக் குறிப்பை அப்படியே வேத வாக்காக எடுத்துக்கொண்டு 254 என்று போட்டவருக்கு பிப்ரவரி 16 அன்று பாதுகாப்பு கிடைத்திருக்குமா? இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிடைத்திருக்காது. உள்ளே வரும் பாதை 253 என்றால் 254 என்ற வரம்பு அதை விட்டுவிடும். பிறகு நம் ரவுட்டர் தன் பங்குக்குச் சேர்க்கும். வாசலில் அளந்தது சரி, வெளியே போகும்போது எவ்வளவு வளரும் என்று அளக்கவில்லை.

புதிய பக் பதிவானபோது சிஸ்கோ இந்தக் கணக்கை விளக்கமாகவே போட்டுக் காட்டியது. ஐஓஎஸ் ரூட்-மேப்பில் (பாதைகளைத் திருத்தும் விதித் தொகுப்பில்) ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ப்ரீபெண்ட். உள்ளே வரும்போது 10, வெளியே போகும்போது 10, இரண்டு ஏஎஸ்களுக்கு நடுவே இயல்பாகச் சேரும் 1. ஆக ஒரு ரவுட்டர் மிஞ்சிப் போனால் 21 சேர்க்க முடியும். 255-இல் 21 போனால் 234. இன்னும் கொஞ்சம் தள்ளி, பத்திரமாக 200 என்று வையுங்கள் என்றது பரிந்துரை.

சரி, 200 சரியான எண்ணா? பக்கைத் தவிர்க்க மட்டும் என்றால் சரி. நான் அதைவிடக் கீழே போவேன். எந்த நியாயமான நெட்வொர்க்குக்கும் 50-க்கு மேல் ஏஎஸ் பாதை தேவைப்படுவதில்லை; 75 அல்லது 100 வைத்தாலும் நல்ல பாதை ஒன்றும் அடிபடாது. குறைவாக வைப்பதில் இன்னொரு லாபம்: இதே போன்ற வேறொரு எல்லைக்கோட்டுப் பக் நாளைக்கு எந்தப் பெட்டியில் முளைத்தாலும் நம் வழியாக அது பரவாது. ஆனால் 20, 25 என்று இறுக்கிப் பிடிப்பது வீண் வம்பு. வேண்டுமென்றே கனமாக ப்ரீபெண்ட் செய்யும் நெட்வொர்க்குகள் உண்டு. அவற்றின் பேக்அப் பாதையை நாம் தூக்கி எறிந்துவிட்டு, பிரதான லிங்க் அறுந்த அன்று அவர்களைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருப்போம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கட்டளை உள்ளே வருவதை மட்டும் பார்க்கிறது. பக் இருக்கும் ரவுட்டரில், அதாவது வெளியே அனுப்பும்போது குலைக்கப்போகிற ரவுட்டரில், இது இருக்க வேண்டும். குலைந்த செய்தியை வாங்கி செஷனை மூடுகிற பக்கத்து ரவுட்டரில் போட்டுப் பயனில்லை. அங்கே வரம்பைப் பார்ப்பதற்கு முன்பே செய்தி உடைந்ததாக முடிவாகிவிடும். விழுகிறவர் வேறு, வரியைப் போட வேண்டியவர் வேறு. ஒரே கையில் இரண்டு பெட்டியும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழி

வேறு மென்பொருள்களில் இதே வேலையை ரூட்டிங் பாலிசியில் செய்யலாம். சிஸ்கோவின் இன்னொரு ரவுட்டர் மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் ஏஎஸ் பாதையின் நீளம் இத்தனைக்கு மேல் என்றால் நீக்கு என்று நேரடியாகவே எழுத முடியும். ஜூனிபரின் ஜூனோஸில் ஏஎஸ் பாதைக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (வடிவத்தை வைத்துத் தேடும் வாய்பாட்டில்) இத்தனை எண்களோ அதற்கு மேலோ என்று எழுதி அதை நிராகரிக்கலாம். இரண்டும் சுத்தமான வழிகள்.

ஐஓஎஸ்ஸில் மேக்ஸ்ஏஎஸ்-லிமிட்டை விட்டுவிட்டு, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பின்நோக்கிப் பார்க்கும் சிக்கலான எக்ஸ்பிரஷனை எழுதி வடிகட்டலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம் என்பேன். அத்தகைய எக்ஸ்பிரஷன்களை அலசும்போது ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி நிரம்பி ரவுட்டரே ரீலோட் ஆகிவிடும் என்று சிஸ்கோ 2007-இலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அதற்கான மாற்றுவழி, பிஜிபி ரெகெக்ஸ்ப் டிடர்மினிஸ்டிக் என்று போட்டு வேறு எஞ்சினுக்கு மாறுவது. ஒரு பக்குக்கு மாற்றுவழி, அந்த மாற்றுவழியில் உள்ள பக்குக்கு இன்னொரு மாற்றுவழி என்று கன்ஃபிக் (ரவுட்டரில் எழுதும் அமைப்பு வரிகள்) வளர்வதைப் பார்த்தவர்களுக்கு எளிய வரியின் அருமை தெரியும்.

அடுத்தடுத்து வந்தவை

2010 ஆகஸ்ட் 27 அன்று இதே கதை வேறு உருவத்தில் வந்தது. ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசியும் டியூக் பல்கலைக்கழகமும் ஒரு சோதனைக்காக, யாரும் பயன்படுத்தாத 99 என்ற ஆட்ரிப்யூட் வகையோடு ஒரு பாதையை அறிவித்தன. புரியாத ஆட்ரிப்யூட்டை அப்படியே கடத்த வேண்டும் என்பது விதி; அறிவிப்பில் தவறில்லை. சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஆர் அதைக் கடத்தும்போது குலைத்தது, பக்கத்து ரவுட்டர்கள் செஷனை மூடின. அரை மணி நேரத்துக்குள் சோதனையை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்குக்கு (பாதுகாப்புக் கோளாறுப் பட்டியலில் சிவிஇ-2010-3035) முன்கூட்டியே போட்டு வைக்கும்படியான மாற்றுவழி கிடையாது. தொல்லை வந்த பிறகு அந்தக் குறிப்பிட்ட முகவரித் தொகுதியை வடிகட்டுவதுதான் வழி. மேக்ஸ்ஏஎஸ்-லிமிட் போல ஒரு வாசல்காவலன் எல்லாப் பக்குக்கும் கிடைத்துவிடாது.

கடைசியில் விதிப்புத்தகத்தையே திருத்தினார்கள். 2015 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 7606 சொல்வது சுருக்கமாக இது: ஓர் அப்டேட்டின் ஆட்ரிப்யூட் குலைந்திருந்தால், பெரும்பாலான சமயங்களில் செஷனை மூடாதே, அந்தப் பாதை திரும்பப் பெறப்பட்டதாக மட்டும் எடுத்துக்கொள். குலைந்த ஏஎஸ் பாதைக்கும் இதே வைத்தியம்தான். எந்த முகவரித் தொகுதியைப் பற்றிய செய்தி என்பதையே படிக்க முடியாத அளவுக்குச் சேதம் என்றால்தான் செஷனை மூட வேண்டும். இந்த விதி 2009-இல் இருந்திருந்தால் ஒரு தொகுதி சில இடங்களில் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் 2023 ஜூன் 2. பிரேசிலில் ஒரு சிறிய நெட்வொர்க்கிலிருந்து, குலைந்த 28ஆம் எண் ஆட்ரிப்யூட்டோடு ஒரு பாதை கிளம்பியது. ஜூனிபர் ஜூனோஸ் ரவுட்டர்கள் செஷனை மூடின. ஆர்எஃப்சி 7606 வந்து எட்டு வருடம் ஆகிவிட்டதே என்றால், ஜூனோஸில் அந்த நடத்தை இருந்தது, ஆனால் தானாக இயங்கவில்லை. பிஜிபி-எர்ரர்-டாலரன்ஸ் என்று நாமே கன்ஃபிக்கில் போட வேண்டும். பிறகு சிவிஇ-2023-4481 என்று பதிவான இந்தப் பக்குக்கு மாற்றுவழியாகச் சொல்லப்பட்டதும் அதே ஒற்றை வரிதான். அதே காலத்தில் எஃப்ஆர்ஆர், ஓபன்பிஜிபிடி போன்ற திறந்தமூல மென்பொருள்களிலும் இந்த வகைக் கோளாறுகள் அகப்பட்டன, பேட்ச்கள் வந்தன. புதுப் பெட்டி வாங்கினால் இந்த நடத்தை இயல்பாகவே இயங்குகிறதா, இல்லை எழுப்பி விட வேண்டுமா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. விற்பனைத் தாளில் ஆர்எஃப்சி 7606 ஆதரவு உண்டு என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உண்டு என்பதற்கும் ஓடுகிறது என்பதற்கும் நடுவே ஒரு கன்ஃபிக் வரி இருக்கலாம்.

இன்றைக்கு என் கன்ஃபிக்கில் எப்படி இருக்கும்

இணையத்தைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு ஐஓஎஸ் ரவுட்டரிலும் மேக்ஸ்ஏஎஸ்-லிமிட் 100. மற்றவற்றில் அதே வரம்பைப் பாலிசியில் எழுதியிருப்பேன். ஜூனோஸ் இருந்தால் எர்ரர்-டாலரன்ஸ். இவற்றுக்குப் பக்கத்தில், இது எந்தப் பக்குக்காகப் போட்டது, எந்தப் பதிப்பில் அது சரியாகிறது என்று ஒரு குறிப்பு. மாற்றுவழிகளில் இரண்டு வகை உண்டு. டிடர்மினிஸ்டிக் எஞ்சின் போன்றது ஒரு குறிப்பிட்ட பக்குக்காகப் போட்டது. மென்பொருளை மாற்றியதும் தேவையா என்று திரும்பப் பார்க்க வேண்டும். பாதை நீள வரம்பு அப்படியல்ல. பேட்ச் வந்த பிறகும் அதை எடுக்க மாட்டேன். நம் பெட்டி சரியாகிவிட்டாலும், நாம் அனுப்புவதை வாங்குகிற பெட்டி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது.

எர்ரர்-டாலரன்ஸ் போட்டதும் புதிய தலைவலி ஒன்று வரும், அதற்கும் ஏற்பாடு வேண்டும். முன்பெல்லாம் குலைந்த அப்டேட் வந்தால் செஷன் விழும், அலாரம் அடிக்கும், எல்லோரும் ஓடி வருவார்கள். இப்போது செஷன் பச்சையாகவே இருக்கும். ஒரு பாதை மட்டும் டேபிளிலிருந்து ஓசைப்படாமல் போயிருக்கும். அந்த ஒரு பாதையில் இருப்பவர் கூப்பிட்டு, உங்கள் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் எங்களை அடைய முடியவில்லை என்பார். செஷன் நிலையை மட்டும் பார்க்கும் மானிட்டரிங்கில் ஒன்றும் தெரியாது. ஆகவே குலைந்த அப்டேட்டைப் பற்றிய லாக் வரிக்கும், மேக்ஸ்ஏஎஸ்-லிமிட் தள்ளிவிட்டதைச் சொல்லும் லாக் வரிக்கும் தனியாக அலர்ட் வைத்துவிட்டுத்தான் இந்தக் கட்டளைகளைப் போட வேண்டும்.